கடலுக்குப் போகும் பசளை: கழிவுநீர்க் கசடு எரிவாயுவாகவும் எருவாகவும் மாறும் விதம்

கொழும்பு மாநகரின் கழிவுநீர் இரண்டு இடங்களில் கடலுக்குள் போகிறது. வடக்கே முகத்துவாரம், தெற்கே வெள்ளவத்தை. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் போட்ட குழாய் அமைப்பு அது. மலசலகூடத்தில் நாம் தண்ணீரை இழுத்துவிட்டால், அது தெருவுக்கடியில் ஓடி, பம்பி நிலையங்களைத் தாண்டி, கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் குழாய் வழியாகக் கடலடியில் கலக்கிறது.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். மாலையில் மரைன் டிரைவில் நடக்கும்போது அந்தக் குழாயின் நினைவு அடிக்கடி வரும். கடல் அசுத்தமாகிறது என்ற கவலை ஒன்று. அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. மன்னார் நெல், நுவரெலியாக் கரட், யாழ்ப்பாண வெங்காயம் என்று நாடு முழுவதிலும் இருந்து மண்ணின் சத்து லொறி லொறியாகக் கொழும்புக்கு வருகிறது. சாமானை இறக்கிய லொறிகள் வெறுமையாகத் திரும்பிப் போகின்றன. வந்த சத்தோ நம் வயிற்றின் வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறது. அந்தச் சத்தை நடுவழியில் மறித்து எடுக்க ஒரு வழி இருக்கிறது. கூடவே கொஞ்சம் எரிவாயுவும் கிடைக்கும். அது எப்படி நடக்கிறது என்று முதலிலிருந்து பார்ப்போம்.

கசடு எங்கிருந்து வருகிறது?

குழாயில் ஓடும் கழிவுநீரில் 1,000 லீற்றரை எடுத்தால், அதில் திண்மமாக இருப்பது ஒரு கிலோ அளவுதான். மற்றதெல்லாம் குளித்த தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், கோப்பை கழுவிய தண்ணீர். சுத்திகரிப்பு என்பது அந்த ஒரு கிலோவை மற்றத் தண்ணீரிலிருந்து பிரிப்பது.

முதலில் கம்பிவலையில் துணி, பிளாஸ்ரிக், நப்கின் போன்றவை சிக்கும். மணல் கீழே இறங்கும். பிறகு பெரிய தொட்டியில் தண்ணீரைச் சில மணிநேரம் அசையாமல் வைத்தால், கனமானவை அடியில் படியும். அது முதல் கசடு. மேலே நிற்கும் தண்ணீரில் இன்னும் நிறையக் கரைந்திருக்கும். அதை அடுத்த தொட்டிக்கு அனுப்பிக் காற்றை ஊதினால், பற்றீரியாக்கள் கரைந்ததைத் தின்று பெருகும். தின்று கொழுத்த அந்தப் பற்றீரியாக்களும் பின்னர் அடியில் படியும். அது இரண்டாம் கசடு. தண்ணீர் தெளிந்து வெளியேறிவிடும். இரண்டு கசடும் சேர்ந்து, நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு திண்மத்தோடு, தண்ணியான கருஞ்சேறாக நிற்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழாயில் வரும் கழிவுநீரைச் சுத்திகரித்தால்தான் அதிலிருந்து கசடு வரும். கழிவுநீர் அப்படியே கடலுக்குப் போனால் கசடு என்ற சிக்கலும் இல்லை, அதனால் வரும் பயனும் இல்லை. இலங்கையில் குழாய்வழிக் கழிவுநீர் வசதி நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இருக்கிறது. மற்றவர்கள் வீட்டோடு ஒரு மலக்குழி வைத்திருக்கிறார்கள். அது நிறைந்தால் உறிஞ்சிக்கொண்டு போக பவுசர் வருகிறது. தெகிவளை, மொறட்டுவை, வத்தளைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பவுசரும் அதன் வாடையும் நன்றாகத் தெரியும். ஆக, கசடு இரண்டு வழியில் வருகிறது: சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டியிலிருந்து, வீட்டுக் குழியிலிருந்து. இரத்மலானையிலும் ஜா-எலவிலும் கண்டியிலும் குருநாகலிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. நிலையங்கள் கூடக் கூடக் கசடும் கூடும். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற கேள்வி ஊருக்கு ஊர் எழும்.

மூடிய தொட்டியில் நடப்பது

வயற்சேற்றில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், காலை எடுக்கும்போது குமிழி குமிழியாக வாயு மேலே வரும். அது மெதேன். காற்றுப் புகாத சேற்றில் வைக்கோலும் வேரும் அழுகும்போது அது உண்டாகிறது. மாடு அசைபோடும்போது ஏப்பமாக விடுவதும் மெதேன்தான். வயற்சேறு, மாட்டின் வயிறு, மலக்குழி மூன்றிலும் ஒரே வகை நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. காற்று இல்லாத இடத்தில்தான் அவற்றுக்குச் சீவியம்.

கசட்டை எரிவாயுவாக்கும் நிலையம் செய்வதும் இதைத்தான். காற்றுப் புகாத பெரிய கொங்கிறீற்றுத் தொட்டி ஒன்றில் கசட்டை ஊற்றி, 35 முதல் 37 பாகை செல்சியசில், இரண்டு மூன்று கிழமை வைத்திருப்பார்கள். நம் உடம்புச் சூடும் அதுதான். உள்ளே அஞ்சலோட்டம் மாதிரி ஒரு வேலை நடக்கும். முதல் கூட்டம் கொழுப்பு, புரதம், மாப்பொருள் போன்ற பெரிய மூலக்கூறுகளை வெட்டிச் சிறிதாக்கும். அடுத்த கூட்டம் அவற்றைப் புளிக்கவைத்து அமிலங்களாக்கும். அதற்கடுத்தது அந்த அமிலங்களை வினாகிரியில் இருக்கிற அசற்றிக் அமிலமாகவும் ஐதரசனாகவும் உடைக்கும். கடைசிக் கூட்டம்தான் அவற்றை வாங்கி மெதேன் ஆக்கும்.

இந்தக் கடைசிக் கூட்டம் மெல்ல வளரும், சீக்கிரம் வாடும். அமிலம் ஆக்குகிறவர்கள் வேகக்காரர். ஒரே நாளில் அளவுக்கு மிஞ்சிக் கசட்டை ஊற்றினால் அமிலம் குவிந்துவிடும், மெதேன் ஆக்குகிறவர்கள் ஈடுகொடுக்க முடியாமல் படுத்துவிடும். தோசை மாவை வெளியே கூட நேரம் வைத்தால் என்ன ஆகும்? தொட்டியும் அப்படியே புளித்துப்போகும். மாவென்றால் கொட்டிவிட்டு வேறு அரைக்கலாம். புளித்த தொட்டியை வழிக்குக் கொண்டுவர வாரக்கணக்காகும். அதனால் இங்கே திறமை என்பது ஒழுங்காகச் சாப்பாடு போடுவதுதான். தினமும், ஒரே அளவு, ஒரே சூடு. கட்டிமுடித்துத் திறந்துவைத்த பிறகு பராமரிப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் இப்படிப்பட்ட தொட்டி சீக்கிரமே செத்துவிடும்.

நமக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. ஐரோப்பாவில் மாரியில் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து வரும் கசட்டை 35 பாகைக்குச் சூடாக்கவே கிடைத்த வாயுவில் ஒரு பெரும்பங்கு போய்விடும். கொழும்பில் கசடே கிட்டத்தட்ட 28 பாகையில்தான் வரும். கொஞ்சம் சூடு கொடுத்தால் போதும்.

எவ்வளவு வாயு கிடைக்கும்?

வெளிவருவதை பயோகாஸ் என்கிறோம். அதில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கு மெதேன், மீதி பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. கூடவே கொஞ்சம் ஐதரசன் சல்பைட்டு. அழுகிய முட்டை மணம் அதனுடையது. அளவு கொஞ்சமானாலும் இயந்திரத்தை அரித்துவிடும் என்பதால் இரும்புச் சேர்வைகளைக் கொண்டு அதைப் பிரித்தெடுப்பார்கள். மூடிய குழிக்குள் இறங்கும் தொழிலாளர்கள் மூச்சுத் திணறிச் சாவதற்கும் இந்த வாயு ஒரு முக்கிய காரணம். ஆகவே வீட்டு மலக்குழிக்குள் யாரையும், எவ்வளவு காசு கொடுத்தாலும், இறங்கச் சொல்லாதீர்கள்.

சரி, 2022 இல் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற நமக்கு எரிவாயு என்றால் உடனே அடுப்புத்தான் ஞாபகம் வரும். அதனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடமிருந்து வரும் கழிவுநீர்க் கசட்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 லீற்றர் பயோகாஸ் எடுக்கலாம். ஒரு கன மீற்றர், அதாவது 1,000 லீற்றர் பயோகாஸ், நம் சிலிண்டர் வாயுவில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவானதற்குச் சமம். 40 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்று வெள்ளவத்தை மாடிக்கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 160 பேர், நாளுக்கு 4 கன மீற்றர். கட்டடம் முழுவதற்கும் சேர்த்து ஒரு கிழமைக்கு ஒரு 12.5 கிலோ சிலிண்டர். அவ்வளவுதான்.

நகரம் முழுவதற்கும் பார்ப்போம். 2012 கணக்கெடுப்பின்படி மாநகர எல்லைக்குள் ஐந்தரை லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் வாழ்ந்தார்கள். அத்தனை பேரின் கசட்டையும் செரிக்கவைத்து, வாயுவை இயந்திரத்தில் எரித்து மின்சாரம் எடுத்தால், ஒரு மெகாவாட்டைச் சற்றுத் தாண்டும். கொழும்புக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் கெரவலப்பிட்டி நிலையத்தின் திறன் 10 மெகாவாட். ஆகவே இது நாட்டின் மின்வெட்டைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் எதற்கு இந்த மெனக்கெடு? சுத்திகரிப்பு நிலையமே நிறைய மின்சாரம் தின்னும். காற்றை ஊதும் வேலைக்கு மட்டுமே அதில் பாதிக்கு மேல் போகும். கசட்டு வாயுவால் அந்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ குறையும், சில இடங்களில் இன்னும் கூடுதலாகவே குறையும். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்கள் இப்படித்தான் தங்கள் கசட்டு வாயுவில் இயந்திரம் ஓட்டித் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துவருகின்றன. மின்கட்டணம் கட்ட முடியாமல் சுத்திகரிப்பையே நிறுத்திவிடும் நிலை நம் பக்கத்து நாடுகளுக்குப் புதிதல்ல. தன் செலவில் ஒரு பகுதியைத் தானே உழைக்கிற நிலையம் நின்று நிலைக்கும்.

இன்னொன்றும் உண்டு. கசட்டைத் திறந்த பள்ளத்தில் கொட்டினாலும் மெதேன் வரும், ஆனால் அது நேரே வானத்துக்குப் போகும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் மெதேன் பூமியைச் சூடாக்குவது காபனீரொட்சைட்டைவிட 28 மடங்கு. பிடித்து எரிப்பதே ஒரு நன்மை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தின் எக்ஸிற்றர் நகரில் 1890களிலேயே மலத்தொட்டி வாயுவில் தெருவிளக்கு எரித்தார்கள். அதே நாட்டில் 2014 இல் பிறிஸ்ரலுக்கும் பாத் நகருக்கும் இடையே கழிவுநீரிலும் உணவுக்கழிவிலும் எடுத்த வாயுவில் ஒரு பஸ் ஓடியது. நம் ஊரில் உணவுக்கழிவுக்கா பஞ்சம்? ஒவ்வொரு ஹோட்டலிலும் மிஞ்சும் சோற்றையும் பழைய எண்ணெயையும் அதே தொட்டியில் அளவாகச் சேர்த்தால் வாயு கணிசமாகக் கூடும். 2017 புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டோரை விழுங்கியதே, அந்த மலையிலும் சமையலறைக் கழிவுதான் பெரும்பங்கு.

மிஞ்சுவதுதான் செல்வம்

வாயு போன பிறகும் தொட்டியில் நிறைய மிஞ்சும். திண்மத்தில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வாயுவாகிப் போயிருக்கும். மீதியை இயந்திரத்தில் பிழிந்து தண்ணீரை வடித்தால், ஈரமண் பதத்தில் ஒரு கறுத்த கட்டி கிடைக்கும். பச்சை மலத்தின் நாற்றம் அதில் இருக்காது. தார் மணமும் சேற்று மணமும் கலந்தது போல ஒரு வாடை இருக்கும். எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் நாடு முழுவதிலும் இருந்து வந்த நைதரசனும் பொசுபரசும் இதற்குள் இருக்கின்றன.

ஒரு தொன் ஈரக் கட்டியில் 8 முதல் 10 கிலோ நைதரசன் இருக்கும். யூரியாக் கணக்கில் 20 கிலோ அளவு. அரை மூடை யூரியாவுக்கு ஒரு தொன் சுமக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். தூரத்து வயலுக்குக் கொண்டுபோனால் லொறிக் கூலியே பசளை விலையைத் தின்றுவிடும். ஆனால் கணக்கில் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பொசுபரசு. நைதரசனைக் காற்றிலிருந்து எடுக்கலாம், பொசுபரசைப் பாறையிலிருந்துதான் வெட்ட வேண்டும். உலகப் பாறை இருப்பில் பெரும்பங்கு மொறொக்கோவில். நமக்கு எப்பாவலயில் பாறை உண்டு, ஆனால் அது மெல்லத்தான் கரையும், நெல் போன்ற குறுகிய காலப் பயிருக்குச் சரிவராது. இரண்டு, சேதனப் பொருள். மணல் தரைக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் பலத்தை யூரியா மூடை ஒருநாளும் தராது.

குறை ஒன்றும் சொல்லத்தான் வேண்டும். பொற்றாசியம் இதில் மிகக் குறைவு. அது தண்ணீரில் கரைந்து தெளிந்த நீரோடு போய்விடும். இதை மட்டும் நம்பிப் பயிர் செய்தால் காய்ப்பில் அடி விழும். அப்புறம், இதிலுள்ள நைதரசனும் உடனே பயிருக்குக் கிடைக்காது. மண்ணில் கிடந்து உக்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும்.

2021 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்குவதற்குள் வயல்கள் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரே போகத்தில் சேதனப் பசளைக்கு மாறு என்றால் எந்த மண்ணாலும் மாற முடியாது. அந்த அனுபவத்தால் சேதனம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் விவசாயிகளை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கோபத்தில் பிழையில்லை. ஆனால் கசட்டுப் பசளை யூரியாவை விரட்ட வந்ததல்ல, யூரியாவின் பக்கத்தில் நிற்க வந்தது.

பயப்பட வேண்டியது எதற்கு?

அதே 2021 இல் சீனாவிலிருந்து சேதனப் பசளையோடு வந்த கப்பலை இறக்க விடவில்லை. மாதிரிகளில் பயிருக்கு நோய்தரும் பற்றீரியா இருந்ததாக நம் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு சொன்னது. சேதனப் பசளை என்றால் தானாகவே பாதுகாப்பானது என்று நினைக்க முடியாது. மலத்திலிருந்து வந்த கசட்டுக்கு அது இன்னும் பொருந்தும். 37 பாகைத் தொட்டி பெரும்பாலான கிருமிகளைக் குறைக்கும், ஆனால் வட்டப்புழுவின் முட்டைக்குத் தடித்த ஓடு, அது தப்பிப் பிழைக்கும். அதனால் கட்டியை மரத்தூளோடோ குப்பையோடோ சேர்த்துக் குவித்துக் கூட்டெரு ஆக்க வேண்டும். குவியலின் உள்ளே சூடு 55 பாகைக்கு ஏறி, 15 நாள் குறையாமல் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தின் அளவு. வேறு சில நகரங்களில் கசட்டைத் தொட்டிக்குள் விடுவதற்கு முன்பே 165 பாகை நீராவியில் அவித்துவிடுகிறார்கள். நம் நாட்டில் பலாங்கொடை நகர சபை மலக்குழிக் கசட்டையும் வீட்டுக் குப்பையையும் சேர்த்துக் கூட்டெரு செய்து காட்டியிருக்கிறது. கொழும்பில் செய்வதென்றால் மேலே கூரை அவசியம். இங்கே பெய்யும் மழைக்குத் திறந்த குவியல் ஒருநாளும் சூடேறாது.

கிருமியைச் சூட்டால் கொல்லலாம். உலோகத்தைக் கொல்ல முடியாது. சாயத் தொழிற்சாலை, முலாம் பூசும் பட்டறை, பற்றரிக் கடை ஆகியவற்றின் கழிவு வீட்டுக் கழிவுநீரோடு கலந்தால் கட்மியமும் ஈயமும் கசட்டில் வந்து தங்கும். எந்தத் தொட்டியும் அதை எடுக்காது. ஒட்டாத சட்டி, நனையாத துணி போன்றவற்றில் சேர்க்கும் புளோரின் சேர்வைகளும் அப்படித்தான், மண்ணில் உக்கவே மாட்டா. அவற்றுக்குப் பயந்துதான் அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022 இல் கசட்டை நிலத்தில் போடுவதைத் தடைசெய்தது. நம் உறவினர் பலர் வாழும் சுவிற்சர்லாந்தும் வயலுக்குப் போடுவதை நிறுத்தி, கசட்டை எரிக்கிறது. அங்கே இப்போது சாம்பலிலிருந்து பொசுபரசை மீட்கப் பார்க்கிறார்கள்.

இதை வாசித்துவிட்டு, அப்படியானால் நமக்கும் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கசட்டின் தரம் சுத்திகரிப்பு நிலையத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை, குழாயின் மறுமுனையில் தீர்மானிக்கப்படுகிறது. தொழிற்சாலை தன் கழிவைத் தன் வளவுக்குள்ளேயே சுத்தம் செய்துவிட்டுத்தான் பொதுக்குழாயில் விட வேண்டும். கசட்டை ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்து, உலோக அளவைப் பையிலே அச்சிட்டு விற்க வேண்டும். அளவு மீறினால் அந்தத் தொகுதி வயலுக்குப் போகக் கூடாது. வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மிஞ்சிய பெயின்ற், காலாவதியான மருந்து, பழைய மோட்டார் எண்ணெய் எதையும் சிங்கிலோ மலசலகூடத்திலோ ஊற்றக் கூடாது. ஈரத் துடைப்பான்களைப் போடவே கூடாது. அவை நார் நாராகத் திரண்டு பம்பியைச் சுற்றிக்கொள்ளும்.

எந்த மண்ணுக்கு, எவ்வளவு என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே போட்ட நைதரசன் மழையோடு நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். அங்கே கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது ஏற்கெனவே தெரிந்த கவலை. அந்த நிலத்தில் கசட்டை அள்ளிக் கொட்டுவது குடிநீரில் கைவைப்பதாகும். மாறாக, கொழும்புக்குப் பக்கத்திலேயே கம்பஹா, குருநாகல், புத்தளம் என்று தென்னை முக்கோணம் விரிந்து கிடக்கிறது. லொறிக்குத் தூரம் குறைவு. தென்னை பல்லாண்டுப் பயிர், மெல்ல மெல்லக் கிடைக்கும் சத்து அதற்கு ஒத்துவரும். தேங்காய் மண்ணைத் தொடாமல் உயரத்தில் காய்க்கிறது. பொற்றாசியத்தைத் தென்னை நிறையக் கேட்கும், அதை மட்டும் தனியாகக் கொடுத்துவிடலாம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். மாட்டெருவும் ஆட்டெருவும் போட்டு வெங்காயம் செய்த கை அவருடையது. முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"உதைப் போட்டு விளைஞ்ச வெங்காயத்தை நீ சாப்பிடுவியோ தம்பி?"

"வெங்காயத்துக்கு வேண்டாம் அம்மா. நல்லாக் கூட்டெரு ஆக்காத கசட்டைப் போட்ட நிலத்திலை கிழங்கு, வெங்காயம் மாதிரி மண்ணுக்குள்ளை விளையிறதை ஒண்டரை வருசத்துக்கு மேலை கழிச்சுத்தான் அறுக்கலாம் எண்டு அமெரிக்காவிலை சட்டமே இருக்கு. பச்சையாச் சாப்பிடுற வல்லாரைக்கும் வேண்டாம். தென்னைக்குப் போட்டால், அந்த இளநீரை நான் குடிப்பன்."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வளவின் மூலையில் காய்ப்புக் குறைந்து நிற்கும் இரண்டு தென்னையைப் பார்த்துவிட்டு, "பையிலை அளவு போட்டு வித்தால் ஒரு மூடை வாங்கியண்டு வா" என்றார்.